சுரங்க ஏரியின் வெந்நீர்

செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி, வெளியே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிற வெயிலில், குளிர்காலத்துக்கு ஊர் தயார் என்று பொலிக்சேனி கையெழுத்துப் போட்டாள்.

வட கிரேக்கத்து நிலக்கரி ஊர்களில் ஸ்காஃபியும் ஒன்று. அங்கே யார் வீட்டிலும் கணப்பு கிடையாது. முப்பது வருஷத்துக்கு முன்னால் அனல்மின் நிலையத்திலிருந்து ஊருக்குப் பெரிய குழாய் போட்டார்கள். மின்சாரம் எடுத்தது போக மிஞ்சுகிற சூட்டில் தண்ணீரைக் காய்ச்சி வீடு வீடாக அனுப்ப ஆரம்பித்தார்கள். ஜனங்கள் விறகடுப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புகைபோக்கியைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். சுவரோரத்து ரேடியேட்டரில் வெந்நீர் ஓடும். வெளியே பனி முழங்கால் அளவு கிடந்தாலும் உள்ளே பனியனோடு உட்கார்ந்து சீட்டாடலாம்.

இப்போது அந்த மின் நிலையத்தை மூடுகிறார்கள். பழுப்பு நிலக்கரியை எரிப்பதை நாடே கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தது. ஸ்காஃபியில் நான்காவது யூனிட் ஒன்றுதான் மிச்சம். அதற்குப் பதிலாக ஊருக்குச் சூடு தரப்போவது, தோண்டித் தோண்டிக் கைவிட்ட சுரங்கப் பள்ளத்தில் தேங்கி நின்ற ஏரி. அடியில் ஊற்று இருப்பதால் அந்தத் தண்ணீர் எந்தக் குளிரிலும் உறைவதில்லை. அதை உறிஞ்சி, அதிலிருக்கும் கொஞ்சநஞ்சச் சூட்டையும் மூன்று பெரிய வெப்ப பம்புகள் பிழிந்தெடுத்து ஊர்க் குழாய்க்குக் கொடுக்கும். பம்புகளை ஓட்ட மேட்டிலே காற்றாலைகள், சாம்பல் மேடாகக் கிடந்த இடத்திலே சூரியத் தகடுகள். துணைக்கு ஒரு மரச்சில்லுக் கொதிகலன். காகிதத்தில் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருக்கும்.

பொலிக்சேனி நகராட்சியின் வெந்நீர்ப் பிரிவுக்குத் தலைமைப் பொறியாளர். அவளுக்கு வயது ஐம்பத்து மூன்று. எதிரே உட்கார்ந்திருந்த துணை மேயர் வாயோஸ் அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர்.

"மூணாவது பம்பை முழு வேகத்துல ஓட்டிப் பாக்கவே இல்லையே," என்றாள் பொலிக்சேனி.

"எப்படிப் பாக்குறது மேடம்? இந்த வெயில்ல அவ்வளவு சூட்டையும் ஊருக்குள்ள விட்டா ஜனங்க வெந்துபோவாங்க. ரெண்டு பம்பு ஓடுச்சு. நல்லாத்தானே ஓடுச்சு?"

"ஓடுச்சு. ஆனா மூணும் ஒண்ணா இழுக்கும்போது ஏரி எப்படி நடந்துக்கும்னு எனக்குத் தெரியாது. டிசம்பர்ல ஓட்டிப் பாத்துட்டுப் போடுறேன் கையெழுத்து."

"டிசம்பர் வரைக்கும் நின்னா நாலாவது யூனிட் இன்னொரு குளிர்காலம் எரியும். புருசெல்ஸ்ல ஐரோப்பிய யூனியன்காரன் குடுத்த கெடுவும் போச்சு. நான் சொல்றது இருக்கட்டும், மேடை மேடையா ஏறி அதை மூடுங்க மூடுங்கன்னு பன்னெண்டு வருஷமா கத்தினது நீங்கதானே?"

அதுதான் அவளைத் தைத்தது. அவர் சொன்னதில் பொய்யில்லை. நகராட்சிக்கு வருமுன் பதினோரு வருஷம் அந்த மின் நிலையத்தின் ஆய்வுக்கூடத்தில்தான் இருந்தாள். காற்றுத் தூசியைப் பிடிக்க ஊரின் ஏழு மூலைகளில் வைத்திருந்த வடிதாள்களைக் கழற்றி வந்து, அவற்றில் படிந்த சாம்பலை எடை போடுவது அவள் வேலை. பள்ளிக்கூடத்து மாடியில் வைத்த தாள்தான் எப்போதும் அதிகக் கறுப்பு. அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த அவளுடைய தங்கை நாற்பத்தொரு வயதில், மாடிப்படி ஏற முடியாமல், மூக்கில் குழாயோடு செத்துப்போனாள். அந்த யூனிட் அணைவதைப் பார்க்க வாயோஸைவிடப் பொலிக்சேனிக்குத்தான் அவசரம்.

"அப்ப நான் ஒரு குறிப்பு எழுதணும்," என்றாள்.

"தாராளமா எழுதுங்க. இணைப்பா வெச்சிடலாம்."

அவள் ஒரு பக்கம் எழுதினாள். மூன்றாவது பம்பும் சேர்ந்து இழுக்கும்போது ஏரியின் அடிச்சேறு கிளம்புமா என்பது சோதிக்கப்படவில்லை. ஆகையால் பிப்ரவரி முடியும்வரை மாற்று ஏற்பாடு ஒன்று கையிருப்பில் இருக்க வேண்டும். அது இணைப்பு மூன்று ஆயிற்று. கோப்பு இருநூற்றுப் பதினான்கு பக்கம். அவள் எழுதியது இருநூற்று ஏழாம் பக்கம். முதல் பக்கத்தில், 'தயார்' என்ற வார்த்தைக்குக் கீழே அவள் பெயர்.

அக்டோபர் கடைசி நாள் நான்காவது யூனிட்டை அணைத்தார்கள். ஊரில் பாதிப்பேர் அழுதார்கள். பொலிக்சேனியின் புருஷன் லாசரோஸ் அழவில்லை. அவன் அங்கே முப்பத்தொரு வருஷம் கொதிகலன் குழாய்களுக்கு வெல்டிங் வைத்த பற்றவைப்புக்காரன். நவம்பரிலிருந்து அவனுக்கு ஒப்பந்தக் கூலி வேலை. கட்டிக் காத்த கொதிகலனைத் துண்டு துண்டாக வெட்டி லாரியில் ஏற்றுவது.

"இன்னைக்கு என்ன வெட்டினே?" என்று அவள் கேட்டால், "உன் எதிரியோட காலை," என்பான். கேலிதான். ஆனால் சிரிக்க மாட்டான்.

*

ஜனவரி மூன்றாவது வாரம் குளிர் வந்தது. அதுவரை பேருக்குத்தான் பனி. திங்கட்கிழமை காலை மைனஸ் பதினாலு, செவ்வாய்க்கிழமை மைனஸ் பதினெட்டு. தெசலோனிக்கி நெடுஞ்சாலையைப் பனி மூடிவிட்டது என்று வானொலியில் சொன்னார்கள். பொலிக்சேனி திங்களன்றே மூன்று பம்புகளையும் முழு வேகத்தில் ஓடவிட்டிருந்தாள். ஏரிக்கரை நிலையத்தின் திரையில் ஊருக்குப் போகும் தண்ணீரின் சூடு தொண்ணூறு என்று காட்டியது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பிடரியில் இருந்த பாரம் இறங்கியது போலிருந்தது.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு எண் எழுபத்தொன்றுக்கு இறங்கிவிட்டது. பத்து மணிக்கு ஐம்பத்தெட்டு.

பம்புகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. தண்ணீர்தான் வரவில்லை. பணியிலிருந்த ஸ்தேர்யோஸ் ஒரு வெப்பத் தகட்டு அடுக்கைத் திறந்து காட்டினார். பீங்கான் தட்டுகளை அடுக்கி வைத்ததுபோல நூற்றுக்கணக்கான உலோகத் தகடுகள். இடுக்குகளிலெல்லாம் கறுப்பும் சாம்பலுமாய்க் களி அப்பிக்கொண்டிருந்தது. மூன்று பம்புகளும் ஒரே நேரத்தில் உறிஞ்சியதில் ஏரியின் அடியில் கிடந்த சேறு கிளம்பி உள்ளே ஏறியிருந்தது.

"எல்லா அடுக்கையும் கழட்டிக் கழுவணும்," என்றார் ஸ்தேர்யோஸ். "பம்பு கம்பெனிக்காரங்க தெசலோனிக்கியில மாட்டிக்கிட்டாங்க. ரெண்டு நாள் ஆவுமாம்."

"ரெண்டு நாள்ல ஊரே உறைஞ்சிரும்."

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு ஊர் வரைபடத்தின் முன் உட்கார்ந்தாள். மரச்சில்லுக் கொதிகலன் தரும் சூட்டையும் பம்புகளில் மிஞ்சியதையும் வைத்து மருத்துவமனைக்கும் முதியோர் விடுதிக்கும் கீழ்ப்பேட்டைக்கும் அனுப்பலாம். மேல்பேட்டை மேட்டில் இருக்கிறது, குழாயும் நீளம், அங்கே போய்ச் சேருவதற்குள் பாதிச் சூடு வழியிலேயே தொலையும். முதலில் மேல்பேட்டையை நிறுத்துவது; பிறகு முறை வைத்து மாற்றிவிடுவது. அவள் வீடும் மேல்பேட்டையில்தான். அதனால் யாரும் தன்னை ஓரவஞ்சனைக்காரி என்று சொல்ல முடியாது என்று அந்த நிமிஷத்தில் அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகப் பின்னால் வெட்கப்பட்டாள்.

நகராட்சி வண்டி ஒலிபெருக்கியோடு கிளம்பியது. எல்லோர் கைப்பேசிக்கும் செய்தி போயிற்று. அவள் லாசரோஸைக் கூப்பிட்டாள்.

"மேல்பேட்டைக்குத் தண்ணிய நிறுத்தப் போறேன். கும்பாரோவைப் போய்ப் பாரு. ஸ்மாரோ வீட்டுல கொண்டுபோய் விட்டுடு."

கும்பாரோ என்று அவர்கள் இருவரும் அழைத்தது சிமேயோன் கிழவரை. சுரங்கத்தில் கரியைச் சுமந்து ஓடும் வார்ப்பட்டைக்கு மேஸ்திரியாக இருந்தவர். இவர்கள் கல்யாணத்தில் மணமக்கள் தலையில் பூமுடி மாற்றி வைத்தவர் அவர்தான். அந்த ஊரில் அது ரத்த உறவுக்கு ஒரு படி மேல். எண்பத்திரண்டு வயது, காது மந்தம், தனியாக இருந்தார். மகள் ஸ்மாரோ கீழ்ப்பேட்டையில் மருந்துக்கடை ஒன்றில் வேலை பார்த்தாள்.

"சரி, போறேன்," என்றான் லாசரோஸ்.

அரை மணி நேரங்கூட ஆகவில்லை. ஸ்தேர்யோஸும் இன்னும் இரண்டு பேருமாகத் தகடுகளைக் கழற்றத் திணறுவதைப் பார்த்துவிட்டு அவள் திரும்பவும் கூப்பிட்டாள்.

"லாசரே, எனக்கு ஆள் வேணும். உன் கொதிகலன்காரங்க எத்தனை பேரைக் கூட்டிட்டு வர முடியும்?"

"என்னைய வெட்டுற வேலைக்கு அனுப்பிச்சிட்டு, இப்ப தைக்கிறதுக்குக் கூப்பிடுறே."

"திட்டுறத அப்புறம் திட்டு. இப்ப வா."

"கும்பாரோவை இன்னும் பாக்கலையே. வண்டியையே இப்பதான் பனியிலேர்ந்து தோண்டி எடுத்தேன்."

"போன்ல சொல்லிடு. போதும். இங்க ஒவ்வொரு நிமிஷமும் போவுது."

பிறகு எத்தனையோ தடவை அவள் அந்தப் பேச்சை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். 'போன்ல சொல்லிடு. போதும்.' சொன்னது அவள்தான்.

லாசரோஸ் போன் செய்தான். மணி அடித்து அடித்து நின்றது. ஸ்மாரோ கூட்டிக்கொண்டு போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு, ஒன்பது பேரைத் திரட்டி ஏரிக்கரைக்குப் போனான்.

பழைய கொதிகலன்காரர்கள் வந்த வரத்து ஏதோ எதிரி வீட்டுக் கல்யாணத்துக்கு வந்ததுபோல இருந்தது. உள்ளே நுழைந்ததும் பளபளவென்று வெள்ளையடித்த சுவரைப் பார்த்து ஒருவன், "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கே, செருப்பைக் கழட்டணுமா?" என்றான். லாசரோஸ் ஒரு தகட்டிலிருந்து களியை வழித்தெடுத்து விரல்களுக்கு நடுவே தேய்த்தான். முகர்ந்து பார்த்தான்.

"நம்ம கரிதான்," என்றான். "தோண்டாம விட்ட மிச்சம்."

அதற்குமேல் கேலி இல்லை. வேலை தெரிந்த கைகள். தகட்டைக் கழற்றுவது, தேய்ப்பது, கழுவுவது, திரும்ப அடுக்குவது என்று முறை போட்டுக்கொண்டு இறங்கினார்கள். பொலிக்சேனியும் கையுறை மாட்டிக்கொண்டு தேய்த்தாள். இரவைப் பகலாக்கி, புதன்கிழமை விடியும்போது முதல் பம்புக்குப் பழைய வேகம் திரும்பியது. ஆறு மணிக்கு மேல்பேட்டைக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். எண் எழுபது, பிறகு எழுபத்தாறு. ஒருவன் கைதட்டினான். லாசரோஸ் அவளைப் பார்த்து, பல வருஷத்துக்குப் பிறகு, முழுசாகச் சிரித்தான். "உன் பம்பு பரவாயில்லடீ. மூக்கு அடைச்சிருந்துச்சு, அவ்வளவுதான்."

பத்து மணி சுமாருக்கு லாசரோஸின் கைப்பேசி அடித்தது. கையெல்லாம் கரி, தோளால் காதோடு அழுத்திக்கொண்டு பேசினான். பேசவில்லை, கேட்டான். பிறகு கையிலிருந்த தகட்டைத் தரையில் வைத்தான்.

"என்ன?" என்றாள்.

"கும்பாரோ," என்றான். "ஸ்மாரோ போய்க் கதவைத் திறந்திருக்கா."

*

அடுப்புக்கரியும் இரும்புத் தட்டும். கோடையில் கொல்லைப்புறத்தில் இறைச்சி வாட்டுவதற்காக வைத்திருந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ரேடியேட்டர் ஜில்லிட்டுப் போனதும் சிமேயோன் அதை அறைக்குள் கொண்டுவந்து மூட்டியிருக்கிறார். ஜன்னலிடுக்குகளைத் துணி வைத்து அடைத்திருக்கிறார். புகைபோக்கியோ முப்பது வருஷமாகச் செங்கலால் மூடிக் கிடந்தது. கரிப்புகையின் அந்த விஷத்துக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. போர்வையைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் தூங்கியவர் எழுந்திருக்கவில்லை.

ஸ்மாரோ கதவைத் திறந்தபோது அறை வெதுவெதுப்பாக இருந்தது. கரி அணைந்து வெகுநேரமாகியிருந்தது. ரேடியேட்டர் சுட்டுக்கொண்டிருந்தது.

அடக்கத்தின்போது ஊரே வந்தது. பொலிக்சேனிக்கு வழி விட்டவர்கள் மரியாதைக்காக விட்டார்களா, ஒட்டக்கூடாதென்று விட்டார்களா என்று சொல்ல முடியாது. பின்னால் யாரோ, அவள் காதில் விழட்டும் என்றே, "நாலாவது யூனிட் ஒரு நாள் நம்மளைக் குளிர விட்டிருக்குமா?" என்றார்கள். "அது எங்க விடும்? மனுசன் கட்டினது அது," என்று இன்னொரு குரல்.

ஒரு வாரம் காப்பிக்கடையில் அதே பேச்சு. யூனிட்டை வைத்திருந்தால் குளிர் வந்த அன்றே கிளப்பியிருக்கலாம். சிமேயோனும் இன்று உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருப்பார். லாசரோஸ் அங்கே போய்வந்தான். என்ன பேசினான் என்று அவள் கேட்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் பீன்ஸ் சூப்பைக் குடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

"நிஜமாச் சொல்லு. வெச்சிருந்தா கிளப்பியிருக்க முடியுமா?"

லாசரோஸ் ரொட்டியைப் பிய்த்தான். "கிளப்பியிருக்கலாம். ரெண்டு நாள் ஓடியிருக்கும். குழாயெல்லாம் முட்டை ஓடு மாதிரி ஆயிருச்சு, போன வசந்தத்துலயே நான் மேல மேல ஒட்டுப் போட்டுத்தான் வெச்சிருந்தேன். மூணாம் நாள் வெடிச்சிருக்கும். ரெண்டு பேராவது போயிருப்பாங்க. நானாக்கூட இருக்கலாம்."

"இதைக் காப்பிக்கடையில சொல்வியா?"

"மாட்டேன்."

"ஏன் லாசரே?"

"அந்த யூனிட் நல்லாத்தான் இருந்துச்சுங்கிறது ஒண்ணுதான் அவனுங்ககிட்ட மிச்சம் இருக்கு. அதையும் நான் புடுங்கணுமா?"

சூப் ஆறிப்போயிருந்தது. அவன் அன்று போன் செய்துவிட்டுப் போய்ப் பார்க்காமல் விட்டதைப் பற்றி அவளும் பேசவில்லை. 'போதும்' என்று அவள் சொன்னதைப் பற்றி அவனும் பேசவில்லை. அந்த இரண்டும் சாப்பாட்டு மேஜையில் மூன்றாவது ஆள் மாதிரி கூடவே உட்கார்ந்திருந்தன.

*

பிப்ரவரியில் அரசு வழக்கறிஞர் விசாரணை தொடங்கினார். வாயோஸ் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் கோப்பு இருநூற்று ஏழாம் பக்கத்தில் திறந்து கிடந்தது.

"உங்களைக் கும்பிடணும் மேடம்," என்றார். "இணைப்பு மூணு. எழுதியே வெச்சிருக்கீங்க. மாற்று ஏற்பாடு வேணும்னு சொல்லியிருக்கீங்க. மேலிடத்துக்குப் போன கோப்புல இருக்கு. அவங்க படிக்கலைன்னா நாம என்ன பண்ண முடியும்? உங்க மேல தூசு படாது. என் மேலயும் படாது."

"நீங்க படிச்சீங்களா?"

வாயோஸ் பேனாவை மூடினார். "நான் இப்பத்தான் படிச்சேன்," என்றார். அந்த ஒரு விஷயத்தில் அவர் பொய் சொல்லவில்லை.

அந்தப் பக்கத்தை நகலெடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போகவில்லை; ஸ்மாரோவைத் தேடிப் போனாள். நாற்பதாம் நாள் பூசைக்காக ஸ்மாரோ அவித்த கோதுமையைத் துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்திக்கொண்டிருந்தாள். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பொலிக்சேனி நின்றுகொண்டே காகிதத்தை நீட்டினாள். ஸ்மாரோ கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, இரண்டு தடவை படித்தாள்.

"அப்ப உங்களுக்குத் தெரியும்," என்றாள்.

"நடக்கும்னு தெரியாது. நடக்கலாம்னு தெரியும்."

"எழுதியிருக்கீங்க அக்கா. நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா எங்கப்பாகிட்ட சொல்லலையே. என்கிட்ட சொல்லலையே. வாரத்துக்கு ரெண்டு நாள் கடைக்கு வருவீங்க, மாத்திரை வாங்குவீங்க, 'அப்பா எப்படி இருக்கார்'னு கேப்பீங்க. ஒரு வார்த்தை, 'ஸ்மாரோ, இந்த வருஷம் எதுக்கும் ஒரு மின்சார ஹீட்டர் வாங்கி வை'ன்னு சொல்லியிருந்தா வாங்கி வெச்சிருக்க மாட்டேனா?"

பொலிக்சேனி காகிதத்தைத் திருப்பி வாங்கி நாலாக மடித்தாள்.

ஸ்மாரோ கோதுமையைத் தடவிப் பரப்பினாள். "செவ்வாக்கிழமை சாயந்திரம் நான் போன் பண்ணினேன். அன்னைக்குன்னு பாத்து எடுத்தார். 'குளிருதாப்பா, வந்து கூட்டிட்டுப் போகவா'ன்னேன். 'நாப்பது வருஷம் கரி தோண்டினவன் குளிர்லயா சாவான்? கரி இருக்கு'ன்னார். தமாஷ் பண்றாருன்னு நினைச்சுச் சிரிச்சேன்க்கா." பரப்பிய கை நின்றது. "நானும் சிரிச்சேன்."

பொலிக்சேனி அவள் தோளைத் தொடப் போனாள். ஸ்மாரோ விலகிக்கொண்டாள், கோபமாக இல்லை, தீயிலிருந்து கையை எடுப்பதுபோல.

மார்ச் மாதம் விசாரணையில் பொலிக்சேனி சொன்னது ஐந்தாறு வரிக்கு மேல் இராது. முதல் பக்கத்தில் தயார் என்று கையெழுத்துப் போட்டவள் தானேதான். முழுச் சோதனை நடக்கவில்லை என்பது தெரிந்தே போட்டது. பின்னிணைப்பை யாரும் படிக்கமாட்டார்கள் என்பதும் அப்போதே தெரியும். அங்கே எழுதினால் தன் மனசு அமைதியாகும், வேலையும் நிற்காது என்பதால்தான் அங்கே எழுதினாள். மேல்பேட்டையை நிறுத்தியபோது தனியாக இருக்கும் வயசானவர்களின் பட்டியல் தன்னிடம் இல்லை. அப்படி ஒரு பட்டியல் வேண்டும் என்று தனக்குத் தோன்றவே இல்லை.

"மின் நிலையத்தை மூடியது தவறு என்கிறீர்களா?" என்று வழக்கறிஞர் கேட்டார்.

"இல்லை," என்றாள். "அதை மூடணும். நான் செத்தாலும் அதைத்தான் சொல்வேன். மூடுற அவசரத்துல ஜனங்ககிட்ட உண்மையைச் சொல்லாம விட்டேன். தப்பு அதுதான்."

அதைக் கேட்டு யாருக்கும் திருப்தியில்லை. சுரங்கக்காரர்கள், பாவமன்னிப்புக் கேட்கும்போதுகூடத் திமிர் போகவில்லை பார் என்றார்கள். கூட மேடையேறிப் பேசிய பழைய தோழர்கள், எதிரி கையில் கத்தியைக் கொடுத்துவிட்டாயே என்று பேசுவதை நிறுத்தினார்கள். வாயோஸ் துணை மேயராகவே இருந்தார். அவளைத் தலைமைப் பொறுப்பிலிருந்து எடுத்து, வீடு வீடாகப் போய்க் குழாய் பார்க்கும் பிரிவில் போட்டார்கள். வழக்கு தேதி மேல் தேதியாக இழுத்துக்கொண்டிருக்கிறது.

*

கோடையில் ஏரிக்கரையில் சேறு அடங்குவதற்கென்று ஒரு தொட்டி வெட்டினார்கள். உறிஞ்சும் வாயை அடியிலிருந்து நாலு மீட்டர் உயர்த்தி மணல் வடிகட்டி வைத்தார்கள். அந்த வேலைக்கு மேஸ்திரியாக லாசரோஸைக் கூப்பிட்டபோது, "என் பொணம்கூட அங்க வராது," என்றான். மூன்றாம் நாள் காலை பழைய பற்றவைப்புக் கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு போனான். இப்போது அங்கேதான் நிரந்தரம். காப்பிக்கடையில் அவனை 'மீன்காரன்' என்று கூப்பிடுகிறார்கள்.

ஊர்க்காற்று மாறிவிட்டது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் மேல்பேட்டைப் பெண்கள் வெள்ளைப் படுக்கை விரிப்புகளை வெளியிலேயே காயப்போட ஆரம்பித்திருந்தார்கள்.

நவம்பரில் பொலிக்சேனி ஒரு பட்டியலோடு மேல்பேட்டையில் இறங்கினாள். அதிகாரிகள் யாரும் கேட்டதில்லை, அவளே தயாரித்தது. தனியாக இருப்பவர்கள், காது கேட்காதவர்கள், நடக்க முடியாதவர்கள் என்று நூற்று முப்பத்தொரு பெயர். ஒவ்வொரு வீட்டிலும் ரேடியேட்டரில் அடைபட்ட காற்றைத் திறந்துவிட்டு, கரிப்புகையைக் கண்டால் அலறும் சின்னக் கருவியைச் சுவரில் மாட்டி, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினாள். சில வீட்டில் காப்பி கொடுத்தார்கள். இரண்டு வீட்டில் கதவைத் திறக்கவில்லை. ஒரு கிழவர், "இதைப் போன வருஷமே மாட்டியிருக்கலாமே தாயீ," என்றார். "ஆமாம்," என்றாள். வேறென்ன சொல்ல?

சிமேயோன் வீடு பட்டியலில் இல்லை. ஸ்மாரோ பிள்ளைகளோடு அங்கேயே குடிவந்திருந்தாள்; அது தனியாள் வீடு அல்ல. பொலிக்சேனி அந்த வாசலைத் தாண்டிப் போய்விட்டாள். பத்தடி போய், நின்று, திரும்பி வந்து தட்டினாள்.

ஸ்மாரோ திறந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வழியை விட்டாள்.

அறையில் நாற்காலியை இடம் மாற்றிப் போட்டிருந்தார்கள். பொலிக்சேனி மண்டியிட்டு ரேடியேட்டரின் ஓரத்துத் திருகைத் திறந்தாள். காற்று சீறி வெளியேறியது, பிறகு தண்ணீர் துளிர்த்தது. மூடினாள். கருவியை மாட்டினாள். ஸ்மாரோ கதவோரம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்து அறையில் பிள்ளைகள் ஏதோ பாடத்தை உரக்க ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்த வருஷம் தாங்குமா?" என்று ஸ்மாரோ கேட்டாள்.

தாங்கும் என்ற வார்த்தை பொலிக்சேனியின் நாக்கு நுனிவரை வந்தது. லாசரோஸும் அப்படித்தான் சொல்கிறான். புதிய பொறியாளரும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"மைனஸ் பதினெட்டு வரைக்கும் தாங்கும்," என்றாள். "வடிகட்டி ஒழுங்கா இருக்கு. அதுக்கும் கீழ போனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது ஸ்மாரோ. யாருக்கும் தெரியாது, இன்னும் பாக்கல. ஒரு ஹீட்டர் வாங்கி வை. அதுக்கும் கீழ போற மாதிரி இருந்தா நானே வந்து கதவைத் தட்டுவேன்."

ஸ்மாரோ தலையை ஆட்டினாள். நன்றி என்று சொல்லவில்லை.

"பக்கத்து வீட்டு அனாத்தோலிக்கும் இதைச் சொல்லிட்டுப் போங்க," என்றாள். "அவ உங்களுக்குக் கதவைத் திறக்கமாட்டா. இருங்க, நானும் வர்றேன்."

அவள் ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். இருவரும் வெளியே இறங்கி, அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றார்கள். ஸ்மாரோதான் தட்டினாள்.